முதல் நாவல் எழுதுபவருக்கு: மாத இலக்கும் எழுத்தாளர் மாநாடும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முதல் நாவலைத் தொடங்கிவிட்டு, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அதை முடிக்கப் பார்ப்பவர்களுக்கான பக்கம் இது. மாதக் கணக்கை எப்படிப் போடுவது, எழுத்தாளர் மாநாட்டுக்கு எப்போது, எதற்காகப் போவது, போய்வந்த பிறகு கைப்பிரதி கலையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பவைதான் அதிகம் கேட்கப்படுகின்றன. இங்கே தந்திருக்கும் எண்கள் தொடங்குவதற்காக. உங்கள் குறிப்பேடு வேறு எண்ணைச் சொன்னால் குறிப்பேட்டையே நம்புங்கள்.

தினம் இத்தனை சொல் என்று வைத்திருக்கிறேன். மாத இலக்கு எதற்கு?

நாள் இலக்கு ஒரு காய்ச்சலைத் தாங்காது. தினம் 500 சொல் என்று வைத்தவர் இரண்டு நாள் படுத்துவிட்டால், மூன்றாம் நாள் 1,500 பாக்கி என்று மனம் கணக்குப் போடுகிறது. அன்றும் எழுத முடியாமல் நான்காம் நாள் அது 2,000 ஆகிறது. ஐந்தாம் நாள் கோப்பைத் திறக்கவே கை வராது. ஆண்டு இலக்கின் கோளாறு வேறு மாதிரி: முக்கால் வருஷம் போகும்வரை அவசரமே தெரியாது.

ஒரு மாதத்துக்குள் நல்ல வாரமும் வரும், ஒன்றும் ஓடாத வாரமும் வரும்; ஒன்றை இன்னொன்று ஈடுகட்டிவிடும். முழு மாதமே தவறினாலும் இழப்பு நான்கு வாரத்தோடு நின்றுவிடும்.

எதை இலக்காக வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். “இந்த மாதம் ஒரு பதிப்பகம் என் நாவலை ஏற்க வேண்டும்” என்பது ஆசை. அது இன்னொருவர் மேசையில் நடக்கும் காரியம். “இந்த மாதம் 5 காட்சி எழுதுவேன்”, “3 பதிப்பகங்களுக்கு விண்ணப்பக் கடிதம் அனுப்புவேன்” என்பவை உங்கள் கையில் இருப்பவை. மாதப் பட்டியலில் இரண்டாம் வகை மட்டுமே இருக்கட்டும்.

மாதத்துக்கு எத்தனை சொல் வைக்கலாம்?

முதலில் அளந்துவிட்டு வையுங்கள். இரண்டு வாரம் இலக்கே இல்லாமல் எழுதுங்கள். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், எழுதிய சொற்கள் மூன்றையும் ஒரு வரியில் குறித்து வையுங்கள். 14 நாளில் 9 நாள் உட்கார்ந்து 4,050 சொல் எழுதியிருந்தால், ஓர் அமர்வுக்கு 450. அடுத்து நாட்காட்டியை எடுத்து, வரும் மாதத்தில் உண்மையிலேயே உட்காரக்கூடிய நாட்களை எண்ணுங்கள். 30 என்று எண்ணாதீர்கள். கல்யாணம், பயணம், அலுவலக நெருக்கடி எல்லாம் போகப் பெரும்பாலோருக்கு 18 நாள் தேறும். 18 × 450 = 8,100. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 6,500. இதுதான் உங்கள் மாத இலக்கு. 65,000 சொல் நாவல் என்றால் முதல் வரைவுக்குப் பத்து மாதம்.

அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் காட்சி ஓடாமல் நின்று யோசிக்கும் அமர்வுகள், எழுதியதை வெட்டும் அமர்வுகள் எல்லாம் அதற்குள்தான் அடங்குகின்றன. அந்த இடம் விடாத திட்டங்கள் இரண்டாம் மாதத்திலேயே உடைந்துபோகின்றன.

இலக்குக்குக் கீழே இன்னொரு எண்ணும் வேண்டும். மாதம் எவ்வளவு மோசமாகப் போனாலும் எட்டக்கூடிய அடிக்கோடு அது. மேலே சொன்னவருக்கு 4,000 சரியாக இருக்கும். 6,500-ஐத் தொடாத மாதத்திலும் 4,000-ஐத் தாண்டியிருந்தால் நாவல் நகர்ந்திருக்கிறது. அடுத்த மாதம் உட்காருவதற்கு அந்தத் தெம்பு தேவைப்படும்.

வேலை பார்த்துக்கொண்டே எழுதுபவர்களுக்கு ஓர் உதாரணம் உண்டு. 19-ம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரோலப் தபால் துறையில் உத்தியோகம் பார்த்தபடி நாவல்கள் எழுதினார். பக்கத்துக்கு 250 சொல் என்று வைத்து, அன்றன்று எழுதிய பக்கங்களைக் குறிப்பேட்டில் பதிந்தார். விடியற்காலையில் உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பது அவர் வழக்கம். அவர் இறந்த மறு ஆண்டு, 1883-ல், வெளியான தன்வரலாற்றில் இதையெல்லாம் அவரே விவரிக்கிறார். அவருடைய வேகம் நமக்கு வேண்டாம். பதிந்து வைக்கும் பழக்கத்தையும் அந்த அரை மணி நேர வாசிப்பையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதுகிறார்களே, நானும் முயலலாமா?

‘நானோரைமோ’ என்ற இயக்கத்திலிருந்து வந்த எண் அது. 1999-ல் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேரோடு தொடங்கி, மறு ஆண்டிலிருந்து நவம்பர் மாதத்துக்கு மாறியது. 30 நாளில் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667. அதை நடத்திவந்த அமைப்பு 2025-ல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது.

அந்த எண் ஆங்கிலத்துக்கானது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ‘வீட்டிலிருந்து’ தமிழில் ஒரு சொல். அதே பொருளைச் சொல்ல ஆங்கிலத்துக்கு மூன்று வேண்டும். ஆகவே தமிழில் 50,000 சொல் எழுதுபவர் ஆங்கிலத்தில் அதே எண்ணை எழுதுபவரைவிட அதிகக் கதையைச் சொல்லியிருப்பார். ஆங்கில வழிகாட்டிகள் தரும் எண்ணை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, எட்ட முடியவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘வந்து கொண்டிருந்தான்’ என்று பிரித்து எழுதினால் கணினி இரண்டாக எண்ணும், சேர்த்து எழுதினால் ஒன்றாக எண்ணும். முதல் நாளே ஒரு முறையை முடிவு செய்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் மாதக் கணக்கும் பிசகும், பிற்பாடு மெய்ப்புத் திருத்துபவரும் திண்டாடுவார். அச்சில் எத்தனை பக்கம் வரும் என்று தெரிய வேண்டுமானால், நீங்கள் விரும்பும் அளவுள்ள ஒரு நாவலில் மூன்று முழுப் பக்கங்களை எண்ணிச் சராசரி எடுத்து, உங்கள் மொத்தத்தை அதால் வகுத்துப் பாருங்கள்.

சொல் கணக்கு நல்லதா, நேரக் கணக்கு நல்லதா?

நாவல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

திட்டமிடும்போது காட்சிக் குறிப்புகளை எண்ணுங்கள். ஓர் அட்டைக்கு ஒரு காட்சி. யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது என்று மூன்று வரி போதும். மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் அந்தக் காட்சி நாவலுக்குத் தேவையா என்று யோசியுங்கள். 65,000 சொல் நாவலில் காட்சிக்கு 1,300 என்றால் 50 அட்டை வரும். மாதம் 5 காட்சி எழுதினால் மேலே சொன்ன அதே பத்து மாதக் கணக்கு.

முதல் வரைவுக்குச் சொல் எண்ணிக்கை சரிப்படும். வரைவு முடிந்ததும் மூன்றிலிருந்து ஆறு வாரம் பிரதியைத் தொடாமல் வையுங்கள். அந்த மாதத்து இலக்கு வாசிப்பாகவோ ஒரு சிறுகதையாகவோ இருக்கட்டும். சூட்டோடு படித்தால், நினைத்ததுதான் கண்ணுக்குத் தெரியும், எழுதியது தெரியாது.

திருத்தம் தொடங்கிய பிறகு சொல் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்க உழைத்து 900 சொல்லை வெட்டியவருக்குக் கணக்கேடு ‘கழித்தல் 900’ என்று காட்டும். அன்று அவர் செய்தது நல்ல வேலை. இந்தக் கட்டத்தில் மணி நேரத்தையோ முடித்த அத்தியாயங்களையோ எண்ணுங்கள். கட்டமைப்புத் திருத்தத்தையும் வாக்கியத் திருத்தத்தையும் ஒரே மாதத்தில் கலக்காதீர்கள். அடுத்த வாரம் தூக்கி எறியப்போகும் காட்சியில் காற்புள்ளியைச் சரிசெய்வது வீண்.

மாதப் பாதியிலேயே பின்தங்கிவிட்டேன். எப்படி ஈடுகட்டுவது?

ஈடுகட்ட வேண்டாம். 15-ம் தேதி வாக்கில் பத்து நிமிடம் ஒதுக்கி, மீதி இருக்கும் அமர்வுகளை எண்ணி, அவற்றுக்கேற்ற புதிய எண்ணைப் போடுங்கள். பழைய பாக்கியை அடுத்த மாதத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். மூன்று மாதம் தொடர்ந்து அடிக்கோட்டையே தொட முடியவில்லையென்றால், நேரம் தவறாக இருக்கலாம், இடம் தவறாக இருக்கலாம், கதையே எங்காவது முட்டி நிற்கலாம். குறிப்பேட்டைப் பாருங்கள். உட்கார்ந்த நாட்களே குறைவு என்றால் முதல் இரண்டு. உட்கார்ந்தும் எழுத்து வரவில்லை என்றால் மூன்றாவது.

முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாவல்கள் அதிகம் சாவது இங்கேதான். முடிவு தெரியாமல் தொடக்கத்தைச் சரிசெய்ய முடியாது. எது விதைக்கப்பட வேண்டும் என்பது கடைசி அத்தியாயம் எழுதிய பிறகுதான் தெரியவரும். இப்போது செதுக்கும் வரிகளில் பாதி அப்போது போய்விடும்.

ஒரு வழி: திருத்தத் தோன்றுவதையெல்லாம் தனிக் கோப்பில் தேதி போட்டு எழுதிவிட்டு, திருத்தியாகிவிட்டது என்ற பாவனையில் மேலே எழுதுங்கள். கதைநாயகிக்கு அண்ணன் வேண்டாம் என்று 7-ம் அத்தியாயத்தில் முடிவு செய்தால், 8-லிருந்து அண்ணன் இல்லை, அவ்வளவுதான். ஆராய்ச்சிக்கும் இதே வழி. ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று தெரியாவிட்டால் அந்த இடத்தில் ‘@@’ என்று குறியிட்டுவிட்டு மேலே போங்கள். கதையில் வேறெங்கும் வராத குறி என்பதால் பிறகு தேடி எடுக்கலாம். தகவல் தேடப்போய் அமர்வே தீர்ந்துபோவது இதனால் குறையும்.

இருபதாயிரம் சொல் தாண்டியதும் கதை நின்றுவிட்டது.

தொடக்கத்தில் வைத்த சூழலின் உந்துதல் ஏறக்குறைய அங்கேதான் தீரும். அதுவரை பாத்திரங்களை அறிமுகப்படுத்துவதே கதையை ஓட்டியிருக்கும். பெரும்பாலும் காரணம் இது: நாயகனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்திருப்பீர்கள், அவனைத் தடுப்பவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்திருக்க மாட்டீர்கள். தடுப்பவரின் பார்வையில் அதுவரையிலான கதையை ஒரு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள். நாவலில் சேராது, ஆனால் அடுத்த பத்துக் காட்சியில் யார் எங்கே குறுக்கிடுவார் என்று தெரிந்துவிடும். அதுவும் பலிக்காவிட்டால் கடைசிக் காட்சியை இப்போதே எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

கைப்பிரதியை எப்படிப் பாதுகாப்பது?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்றால் போதும். மாதக் கடைசியில் கோப்பின் பெயரில் தேதி சேர்த்துத் தனியாகச் சேமியுங்கள். வெட்டிய காட்சி ஆறு மாதம் கழித்துத் தேவைப்படும்போது இந்தப் பழைய கோப்புகள்தான் கைகொடுக்கும்.

நாவல் இன்னும் முடியவில்லை. மாநாட்டுக்குப் போகலாமா?

கற்றுக்கொள்ளவும் சக எழுத்தாளர்களைப் பார்க்கவும் என்றால் தாராளமாக. பதிப்பாசிரியரிடமோ, எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களோடு பேசும் இலக்கிய முகவரிடமோ நாவலைக் கொடுக்க என்றால் முடித்துவிட்டுப் போங்கள். முதல் நாவலைப் பொறுத்தவரை அவர்கள் கேட்பது முழுப் பிரதி. “ஆர்வமாக இருக்கிறது, அனுப்புங்கள்” என்று ஒருவர் சொல்லி, அதற்கு எட்டு மாதம் ஆகும் என்றால், அந்த ஆர்வம் அதுவரை அங்கேயே நிற்காது. அவசரத்தில் மூன்றே வாரத்தில் முடித்து அனுப்புவது அதைவிடக் கெடுதல். நிராகரித்த பிரதியை அதே ஆளிடம் மறுபடி கொடுப்பது கடினம்.

எந்த வகை மாநாடு எனக்குப் பொருந்தும்?

பெயர் ஒன்றுபோல இருந்தாலும் நோக்கம் வேறு வேறு. வாசகர்கள் திரளும் கூட்டங்கள் ஒரு வகை. 1939-ல் நியூயார்க்கில் முதன்முதலாகக் கூடிய உலக அறிவியல் புனைகதை மாநாடு இதில் பழையது. அங்கே உங்கள் வகை நாவலைப் படிப்பவர்கள் எதைப் பேசுகிறார்கள் என்று கேட்கலாம். இரண்டாவது, கற்பிக்கும் மாநாடுகள். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 1926 முதல் நடக்கும் பிரெட் லோஃப் போன்றவை. அங்கே வகுப்பும் விரிவுரையும் பிரதி வாசிப்பும் இருக்கும். மூன்றாவது, பதிப்பாசிரியர்களையும் முகவர்களையும் நேரில் சந்தித்து நாவலை எடுத்துச் சொல்லும் வாய்ப்புக்காகவே நடப்பவை. நான்காவது, பத்துப் பதினைந்து பேர் ஒருவர் பிரதியை ஒருவர் படித்து விமர்சிக்கும் பட்டறை.

முதல் வரைவில் இருப்பவருக்கு இரண்டாம் வகை. வரைவை முடித்துத் திருத்துபவருக்கு நான்காம் வகை. திருத்தியும் முடித்தவருக்கு மூன்றாம் வகை. முதல் வகைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஒன்றை மாற்றி ஒன்றுக்குப் போய்விட்டுத்தான் ‘மாநாட்டால் பயனில்லை’ என்று பலர் திரும்புகிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நிகழ்ச்சி நிரலையும் பேச்சாளர் பட்டியலையும் பாருங்கள். நீங்கள் எழுதும் வகையில் புத்தகம் வெளியிட்டவர், அல்லது அந்த வகையை வெளியிடும் பதிப்பகத்தைச் சேர்ந்தவர், குறைந்தது இரண்டு பேராவது வருகிறார்களா? பிரதி விமர்சனத்துக்கும் தனிச் சந்திப்புக்கும் தனிக் கட்டணமா, தனிக் கடைசித் தேதியா? பிரதியை முன்கூட்டியே படிக்க வேண்டியிருப்பதால் அந்தத் தேதி மாநாட்டுக்குப் பல வாரம் முந்தியிருக்கும். இதைக் கவனிக்காமல் தவறவிடுபவர்கள் அதிகம். வர முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதிவுக் கட்டணம் செலவில் ஒரு பகுதிதான். பயணம், தங்குமிடம், சாப்பாடு, விடுப்பில் போகும் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். தொகை பெரிதாகத் தெரிந்தால் இணையவழிப் பங்கேற்பு உண்டா, தன்னார்வலர்களுக்குச் சலுகை உண்டா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். கேட்பதில் குறையொன்றும் இல்லை.

மாநாடு வரும் மாதத்தில் எழுத்து இலக்கு எவ்வளவு?

வழக்கமானதில் பாதி. மூன்று நாள் மாநாடு என்றால் முந்தைய நாளும், திரும்பிய பின் இரண்டு நாளும் எழுத்து நடக்காது. இந்த ஆறு நாளில் ஒன்று எப்படியும் எழுதாத நாள் என்று வைத்தால், 18 அமர்வில் 5 போய்விடும். பிரதிப் பக்கங்களைச் சீராக்கவும் எடுத்துரைப்பைத் தயாரிக்கவும் இன்னும் 4. மீதி 9 அமர்வு; அதே 450, அதே ஐந்தில் ஒரு பங்குக் கழிவு என்று பார்த்தால் 3,200 சொச்சம். மூவாயிரம் என்றோ இரண்டு காட்சி என்றோ வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு வேலைகளையும் மாதப் பட்டியலில் எழுதுங்கள். அவையும் நாவலுக்கான உழைப்புத்தான்.

கிளம்பும் முன் ஒரு காட்சியை முடித்துவிட்டுப் போகாதீர்கள். பாதியில் நிறுத்தி, அடுத்து நடப்பதை மூன்று வரியில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் வெற்றுப் பக்கத்தின் முன் உட்காருவதைவிட, பாதி உரையாடலில் போய்ச் சேர்வது எத்தனையோ எளிது.

என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

குறிப்பேடு, இரண்டு பேனா, முதல் அத்தியாயத்தின் இரண்டு அச்சுப் பிரதிகள், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், பெயரும் மின்னஞ்சலும் மட்டும் உள்ள சிறு அட்டைகள், தண்ணீர் பாட்டில், சார்ஜர், குளிரூட்டிய அரங்குக்கு ஒரு மேலுடை. முழுக் கைப்பிரதியைச் சுமக்க வேண்டாம். அங்கே யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே நேரத்தில் நாலு அமர்வு நடக்கிறது. எதில் உட்காருவது?

வீட்டிலேயே மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். “இரண்டு கால அடுக்கில் போகும் கதையில் வாசகர் குழம்பாமல் இருக்க என்ன செய்வது?” என்பதுபோல, உங்கள் பிரதியில் இப்போது உதைக்கும் இடத்தைப் பற்றியதாக இருக்கட்டும். அந்தக் கேள்விகளுக்கு அருகில் வரும் அமர்வுகளைத் தேர்ந்தெடுங்கள். புகழ்பெற்றவர் பேசுகிறார் என்பது மட்டும் காரணமாகாது. ஒரு நாளைக்கு நான்கு அமர்வுக்கு மேல் மனதில் நிற்காது. ஒரு வேளையைக் காலியாக விடுங்கள். நடைவழியிலும் தேநீர் நேரத்திலும் நடக்கும் பேச்சு அமர்வுகளுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

குறிப்பெடுக்கும் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் பேச்சாளர் சொன்னது. வலப்பக்கம், அது உங்கள் நாவலில் எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பது. வலப்பக்கம் காலியாகவே இருந்தால், சத்தமில்லாமல் எழுந்து அடுத்த அரங்குக்குப் போகலாம். அதற்காகவே ஓரத்தில் உட்காருங்கள். ஒலிப்பதிவு செய்வதானால் முதலில் அனுமதி கேளுங்கள்.

நாவலை எடுத்துச் சொல்ல சில நிமிடம்தான் தருகிறார்கள். அதற்குள் எதைச் சொல்வது?

ஒரு நிமிடம் பேசிவிட்டு மீதியை அவர்கள் கேள்விக்கு விடுங்கள். கொடுத்த நேரம் முழுவதும் கதையைச் சொல்லித் தீர்ப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியவை சில: எந்த வகை நாவல், எத்தனை சொல், முடிந்துவிட்டதா, யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தோற்றால் எதை இழப்பார். கதைப் பகுதி இப்படி இருக்கலாம்:

“கண்பார்வை மங்கிவரும் ஒரு நில அளவையாளர், முப்பது ஆண்டுகளுக்கு முன் தான் போட்ட எல்லைக்கோடு தப்பு என்று கண்டுகொள்கிறார். வெளியே சொன்னால் ஓர் ஊரே நிலத்தை இழக்கும். சொல்லாவிட்டால் குற்றம் செய்யாத ஒருவர் சிறையில் இருப்பார். பழைய வரைபடத்தைப் படிக்கப் பார்வை இருக்கும்போதே அவர் முடிவெடுக்க வேண்டும்.”

இதில் ஊர் வரலாறு இல்லை, அளவையாளரின் மகன் இல்லை, இரண்டாம் கால அடுக்கு இல்லை. அவை பிரதியில் இருக்கின்றன, அது போதும். ‘மனித வாழ்வின் அவலத்தைப் பேசும் நாவல்’ என்ற மாதிரி வரிகள் எந்த நாவலுக்கும் பொருந்தும் என்பதால் கேட்பவர் மனதில் எதுவும் பதியாது.

மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள். நடுவில் கேள்வி வந்தால் அறுந்துவிடும். நாலு முக்கிய வார்த்தைகளை அட்டையில் எழுதி வைத்து, கடிகாரம் பார்த்துப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முடிவு என்ன என்று கேட்டால் சொல்லிவிடுங்கள். கதைச்சுருக்கத்திலும் முடிவு கட்டாயம் இருக்க வேண்டும். அவர் வாசகராக உட்காரவில்லை, கதை கட்டுக்கோப்பாக முடிகிறதா என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறார்.

பிரதி விமர்சனத்துக்குப் பக்கங்களை எப்படித் தயாரிப்பது?

அமைப்பாளர்கள் விதி தந்திருந்தால் அதுவே சட்டம். தராவிட்டால் 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, நாலு பக்கமும் ஓர் அங்குல ஓரம், ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் தலைப்பும் பக்க எண்ணும். தமிழ்ப் பிரதி கண்டிப்பாக யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒரு பிடிஎஃப் பிரதியையும் சேர்த்து அனுப்புவது நல்லது. ‘முதல் பத்துப் பக்கம்’ என்றால் முதல் பத்துத்தான்; உங்களுக்குப் பிடித்த நடுப் பத்து அல்ல.

விமர்சனம் கேட்கும்போது பதில் சொல்லலாமா?

வட்டமாக உட்கார்ந்து செய்யும் பட்டறைகளில், 1956-ல் அமெரிக்காவின் மில்ஃபோர்டில் தொடங்கியதன் பெயரால் ‘மில்ஃபோர்டு முறை’ என்று அழைக்கப்படும் ஒழுங்கு பரவலாக இருக்கிறது. ஒவ்வொருவரும் முறை வைத்துப் பேசுவார்கள். பேசி முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் அவருக்கு நேரம் உண்டு. கடுமையாகத் தோன்றினாலும் காரணம் நியாயமானது. புத்தகம் வெளிவந்த பிறகு, ஒவ்வொரு வாசகர் அருகிலும் நின்று நீங்கள் விளக்க முடியாதல்லவா?

சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், மூன்று நாள் கழித்துப் படியுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கியிருந்தால் அங்கே பள்ளம் இருப்பது உறுதி. ஆனால் பள்ளத்தை மூட அவர்கள் சொல்லும் வழி சரியாக இருக்க வேண்டியதில்லை. “இந்தக் காட்சியை வெட்டுங்கள்” என்பார்கள். உண்மையில் தேவைப்படுவது இரண்டு அத்தியாயம் முன்னால் ஒரு வரியாக இருக்கும். ஒருவர் மட்டும் சொல்லி, உங்களுக்கும் உள்ளூர அது உறுத்தியிருந்தால், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூச்ச சுபாவம். யாரிடமும் போய்ப் பேச வராது.

நாளுக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பவரிடம் “இப்போது என்ன எழுதுகிறீர்கள்?” என்று கேட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பதிவு மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்தால் எல்லோரும் தாமாகவே உங்களிடம் வருவார்கள். முதல் நாவலுக்கு, புகழ்பெற்ற ஒருவரோடு எடுத்த படத்தைவிட, உங்களைப் போலவே எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு பேரின் நட்பு அதிகம் உதவும். மாதக் கடைசியில் ஒருவர் கணக்கை ஒருவர் கேட்கவும், பிரதியை மாற்றிப் படிக்கவும் அவர்கள்தான் கிடைப்பார்கள்.

பதிப்பாசிரியரைச் சாப்பாட்டு மேசையிலும் கழிப்பறை வாசலிலும் மடக்காதீர்கள்.

என் கதையை யாராவது திருடிவிட்டால்?

கருவுக்குப் பதிப்புரிமை இல்லை. எழுதிய வடிவத்துக்கு உண்டு. 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கையை 1908-ல் பெர்லினில் திருத்தியபோது, எந்தப் பதிவுச் சடங்கும் இல்லாமலே உரிமை வந்துவிடும் என்ற கொள்கை அதில் சேர்ந்தது. எழுதிய பிரதியும் தேதியிட்ட கோப்புகளும் உங்களிடம் இருக்கின்றன. கருவை மறைத்து வைத்தால் நாவலைப் பற்றி யாரிடமும் பேசவே முடியாது.

ஒருவர் என் நாவலை வெளியிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார்.

வழக்கமான பதிப்பில் பணம் எழுத்தாளரை நோக்கி வர வேண்டும். படித்துப் பார்க்கக் கட்டணம், பட்டியலில் சேர்க்கக் கட்டணம், இத்தனை பிரதி நீங்களே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் எச்சரிக்கை. சொந்தமாக வெளியிடுவது வேறு. அங்கே அச்சுக்கும் அட்டைக்கும் மெய்ப்புக்கும் நீங்கள் கூலி கொடுக்கிறீர்கள்; உரிமையும் வருவாயும் உங்களிடமே இருக்கும். இரண்டையும் கலந்து பேசுபவரிடம் கவனமாக இருங்கள். எந்த ஒப்பந்தத்திலும் மாநாட்டு மண்டபத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தெந்த உரிமைகள், எத்தனை ஆண்டு, புத்தகம் கிடைக்காமல் போனால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்று வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

“முதல் மூன்று அத்தியாயம் அனுப்புங்கள்” என்றார்கள். எப்போது, எப்படி?

கேட்டதை மட்டும், கேட்ட வடிவத்தில். பிரதி தயாராக இருந்தால் ஒரு வாரத்துக்குள். மின்னஞ்சல் தலைப்பில் மாநாட்டின் பெயரையும் ‘நீங்கள் கேட்ட பக்கங்கள்’ என்பதையும் எழுதுங்கள். அன்று அவர் பலரைப் பார்த்திருப்பார். மின்னஞ்சலுக்குள் நான்கைந்து வரி போதும். அனுப்பிய தேதியைக் குறித்துவைத்து, அவர்கள் சொன்ன காலம் கடந்த பிறகு ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். காத்திருக்கும் மாதங்களின் இலக்கு அடுத்த நாவலைப் பற்றியதாக இருக்கட்டும்.

திரும்பி வந்ததிலிருந்து நாவலே தப்பாகத் தெரிகிறது. முதலிலிருந்து மாற்றி எழுதலாமா?

இரண்டு வாரத்துக்கு வேண்டாம். மூன்று நாளில் இருபது பேச்சு கேட்டுவிட்டு வந்தவருக்குத் தன் பிரதி கோளாறாகத் தெரிவது வழக்கம். தன்மையில் எழுதியதைப் படர்க்கைக்கு மாற்றலாமா, வரலாற்று நாவலைத் துப்பறியும் நாவலாக்கலாமா என்று தோன்றும். ஒருவருக்குப் பலித்த முறையை அவருடைய கதையிலிருந்து பிரித்து உங்கள் கதைமேல் வைத்துப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது.

முதல் நாள் தூங்குங்கள். இரண்டாம் நாள் குறிப்பேட்டின் வலப்பக்கத்தை மட்டும் படித்து, செய்யக்கூடியவற்றைத் தனித்தாளில் எழுதுங்கள். அதிலிருந்து மூன்றைப் பொறுக்குங்கள்: ஒன்று இந்த மாதத்துக்கு, ஒன்று அடுத்த மாதத்துக்கு, ஒன்று வரைவு முடிந்த பிறகு. இந்த மாதத்துக்கு எடுத்ததை ஒரே ஒரு காட்சியில் முயன்று பாருங்கள். பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும், மாநாட்டில் கிடைத்த நண்பரிடம் எது எது என்று சொல்லாமல் கொடுங்கள். புதியது மேல் என்று வந்தால் அந்த மாற்றத்தைத் திருத்தக் கோப்பில் தேதி போட்டு எழுதிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அந்தப் பாதிக் காட்சியைத் தொடருங்கள்.